கிரீஸ் படிந்த பக்கங்கள்: ஹாட் ராட் இதழ்களோடு 18 ஆண்டுகள்

பழைய காரை வேகத்துக்காக மாற்றியமைத்தால் அது ஹாட் ராட். அத்தகைய கார்களுக்கான இதழ்களைப் படங்களுக்காக வாங்குவோர் பலர். நான் அவற்றை ஸ்பேனர் பெட்டிக்கு அருகில் வைத்துப் பயன்படுத்துகிறேன். தெற்குக் கலிபோர்னியாவில் வசிக்கும் நான், 1931ஆம் ஆண்டு போர்டு மாடல் ஏ கூப் ஒன்றில் 1946ஆம் ஆண்டு பிளாட்ஹெட் வி8 எஞ்சினைப் பொருத்தி, 18 ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சீர்செய்து ஓட்டி வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கைகொடுத்தவை பெரும்பாலும் பழைய இதழ்களே. அவற்றை எப்படிப் பயன்படுத்தினேன், எங்கே ஏமாந்தேன், எவற்றை வாங்கலாம் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

இந்தக் கார்களின் பின்னணியைச் சற்றுச் சொல்ல வேண்டும். 1932ஆம் ஆண்டு போர்டு நிறுவனம் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் ஒரு வி8 எஞ்சினைக் கொண்டுவந்தது; எட்டு சிலிண்டர்கள் இரண்டு வரிசைகளாக V வடிவில் அமைந்த அதுவே பிளாட்ஹெட். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். பழைய போர்டுகளை மலிவாக வாங்கிய இளைஞர்கள் மட்கார்டுகளையும் தேவையற்ற எடையையும் கழற்றி எறிந்துவிட்டு, மொஹாவி பாலைவனத்தின் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் வேகம் பார்த்தார்கள். அந்த ஓட்டங்களை நெறிப்படுத்த 1937இல் தென் கலிபோர்னியா நேர அளவைச் சங்கம் உருவானது. போர் முடிந்து, ராணுவத்தில் எந்திர வேலை கற்றுத் திரும்பியவர்களால் இந்த ஆர்வம் பெருகியபோதுதான் இதழ் ஒன்றின் தேவை எழுந்தது.

ராபர்ட் பீட்டர்சனும் ராபர்ட் லிண்ட்சேயும் 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' இதழைத் தொடங்கினார்கள். விலை 25 சென்ட். லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஹாட் ராட் கண்காட்சியில் அரங்கின் படிக்கட்டுகளில் நின்று கையில் வைத்து விற்ற இதழ் அது. செய்தித்தாள்கள் இந்த இளைஞர்களைத் தெருவில் உயிரைப் பறிக்கும் பொறுக்கிகளாகச் சித்தரித்துக்கொண்டிருந்த காலத்தில், அவ்விதழின் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ் பிரேக்கைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் விடாமல் எழுதியதோடு நில்லாமல், 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவி, தெருவில் நடந்த பந்தயத்தை முறையான ஓடுதளத்துக்கு அழைத்துச் சென்றார். ஓர் இதழ் தன் வாசகர்களுக்கு இதைவிடப் பெரிய நன்மை செய்துவிட முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். முதல் மூன்று கோடைகளிலும் என் கார் எந்த ஏற்றத்திலும் கொதித்தது. பிளாட்ஹெட் எஞ்சினில் வால்வுகள் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டில் இல்லை. சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பான பிளாக்கிலேயே, இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே இருக்கின்றன. ஆகவே எரிந்த புகை பிளாக்கின் உட்புறமாகச் சிலிண்டர்களுக்கு இடையே புகுந்துதான் வெளியே வர வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களும் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தச் சூட்டில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்குகிறது. நான் ரேடியேட்டரை மாற்றினேன், மின்விசிறியை மாற்றினேன், பயனில்லை. 1950களின் இதழ் ஒன்றில், பிளாக்கைக் குறுக்கே அறுத்துத் தண்ணீர்ப் பாதையைக் காட்டியிருந்த படம் கண்ணில் பட்ட பிறகே விஷயம் விளங்கியது. வார்ப்பு எடுத்தபோது தங்கிய மணலும் அரை நூற்றாண்டுக்கும் மேலான துருவும் அடிப்பகுதியில் கெட்டியாக அடைத்திருந்தன. ஹெட்டுகளைக் கழற்றி, வளைத்த கம்பியால் ஒவ்வொரு துளையாகக் கிளறியதில், பழைய பெயிண்ட் டப்பா ஒன்று முக்கால் அளவுக்கு நிரம்பியது. அதற்குப் பிறகு கார் கொதித்ததில்லை.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில், எனக்கு முன் அதை வைத்திருந்த யாரோ ஒருவர் பென்சிலால் 'ஓட்டு, ஆறவிடு, மறுபடி முறுக்கு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்; பக்கத்தில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை. அலுமினிய ஹெட்டை மாட்டுபவருக்கு இதைவிட முக்கியமான அறிவுரை கிடையாது. எஞ்சினின் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள 24 நட்டுகளையும் முதல்முறை முறுக்கியதோடு விட்டுவிட்டால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் கசியும். அழுக்கில்லாத பிரதியைத் தேடுவோரிடம் நான் சொல்வது, அழுக்கான பிரதியைத்தான் முதலில் புரட்டிப் பாருங்கள் என்பதே.

ஏமாந்த கதையும் உண்டு. போர்டு நிறுவனத்தின் இன்னொரு காரான மெர்குரியின் கிராங்க் ஷாப்டை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை, போர்டு பிளாக்கில் போட்டு, பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரமான ஸ்ட்ரோக்கை 3.75 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாக்குவது இந்த வட்டாரத்தில் பெயர்பெற்ற வழி. அண்மைக்கால இதழ் ஒன்றின் கட்டுரை, அதை ஒரு வார இறுதி வேலைபோல எழுதியிருந்தது. பிஸ்டனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஸ்ட்ரோக் கால் அங்குலம் கூடினால் பிஸ்டன் மேலே எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாக ஏறும். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ஊசிக்கான துளை அதற்கேற்ப உயர்ந்திருக்கும் மெர்குரி பிஸ்டன்களும், அவற்றைக் கிராங்க் ஷாப்டோடு இணைக்கும் உரிய கனெக்டிங் ராடுகளும் இல்லாவிட்டால் ஹெட்டில் இடிக்கும். பொருத்தும்போது கையால் சுழற்றிப் பார்த்ததால் எஞ்சின் பிழைத்தது. ஆனால் சரியான உதிரிபாகங்களைத் தேடுவதில் ஐந்து மாதங்கள் போயின. அளவுகளைத் தராத கட்டுரையை நம்பி உதிரிபாகம் வாங்கக் கூடாது என்ற பழக்கம் அன்றிலிருந்து எனக்கு.

விளம்பரப் பக்கங்களைக் கிழித்தெறிபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எடல்பிராக் நிறுவனத்தின் மேனிபோல்டு (சிலிண்டர்களுக்கு எரிபொருள் கலவையைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி), இஸ்கெண்டேரியன் நிறுவனத்தின் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போன்றவை எந்த ஆண்டில் எந்த வடிவில் விற்றன என்பதற்கு அந்தச் சிறு விளம்பரங்களே கையருகே உள்ள சான்று. பழைய பாகம் என்று சொல்லி விற்கப்படும் பலவற்றை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தே வேண்டாமென்று விட்டிருக்கிறேன்.

காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1951இல் தொடங்கிய 'ஹாப் அப்', 1953இல் வந்த 'ராட் அண்ட் கஸ்டம்' ஆகியவற்றின் தொடக்க இதழ்கள் கைக்கடக்கமானவை. படுக்கவைத்து அடுக்கினால் முதுகு விரியும். நிறுத்தி வைப்பதே நல்லது. பின்னூசிகள் துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்னும் என்பதால், அவற்றை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தைத்துவிடுகிறேன். 1994இல் தொடங்கிய 'ராடர்ஸ் ஜர்னல்' அச்சுத் தரத்தில் எல்லாவற்றையும் விஞ்சியது. அதன் தாளில் ஒரு கதவுக் கைப்பிடியின் வளைவைக்கூடக் கணிக்க முடிகிறது. ஆனால் அதைக் கராஜுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வருவதில்லை.

2019 டிசம்பரில் ஒரே அறிவிப்பில் 19 மோட்டார் அச்சிதழ்கள் நிறுத்தப்பட்டபோது 'ஸ்ட்ரீட் ராடர்', 'கார் கிராப்ட்' இரண்டும் அவற்றுள் இருந்தன. 'ஹாட் ராட்' தப்பியது. வீடியோக்கள் அந்த இடத்தை நிரப்பிவிட்டன என்பதை நான் ஏற்கவில்லை. காருக்கு அடியில் படுத்திருப்பவருக்கு, எண்ணெய்க் கையால் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டிய படத்தைவிட, பக்கத்தில் விரித்து வைத்த தாள்தான் உதவும்.

புதிதாகத் தொடங்குபவர் முழுத் தொகுதிக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. தன் எஞ்சின் எதுவென்று முடிவு செய்துகொண்டு, அது புழக்கத்தில் இருந்த ஆண்டுகளின் இதழ்களை மட்டும் தேடினால் போதும்: பிளாட்ஹெட் என்றால் 1948 முதல் 1955 வரை, 1955இல் வந்த 265 கன அங்குல செவ்ரொலே வி8 என்றால் அதற்கடுத்த பத்து ஆண்டுகள். அட்டை இல்லாத பிரதிகள் பழைய உதிரிபாகச் சந்தைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்குமுன் நடுப்பக்கத்தில் தொழில்நுட்பக் கட்டுரை கிழிபடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் காணாமல்போவது அந்தப் பக்கங்கள்தான்.