கேம் சாய்வு: யோக் உள்ள வில்லும் யோக் இல்லாத வில்லும்

காம்பவுண்ட் வில் வாங்கியதும் பலர் முதலில் செய்வது, கேமின் (வில்லின் நுனியில் சுழலும் சக்கரம்) பக்கவாட்டில் ஓர் அம்பை ஒட்டிவைத்து அது நாணோடு இணையாகப் போகிறதா என்று பார்ப்பது. போகாவிட்டால் உடனே பதற்றம். அவ்வளவு பதற வேண்டியதில்லை. 60 பவுண்டு வில்லில் 80 சதவீத லெட்-ஆஃப் (முழுதாக இழுத்ததும் குறையும் சுமை) இருந்தால், முழுதாக இழுத்த பிறகு கைக்கு மிஞ்சுவது 12 பவுண்டுதான். சுமை பெரும்பாலும் கேபிளுக்குப் போய்விடுகிறது. அந்தக் கேபிளையோ, அம்புக்கு வழிவிடுவதற்காகக் கேபிள் கார்டு என்ற பாகம் ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கிறது. அதனால் சும்மா இருக்கும்போது நேராக நிற்கும் கேம், இழுத்ததும் சாயலாம். சும்மா இருக்கும்போது லேசாகச் சாய்ந்திருப்பது இழுத்ததும் நிமிரலாம்.

நான் முதலில் பல வருடம் வைத்திருந்தது ஹைப்ரிட் கேம் வில். அதில் மேல் ஆக்ஸிலில் (கேம் சுழலும் அச்சு) மட்டும் யோக் உண்டு: கேபிள் இரண்டாகப் பிரிந்து ஆக்ஸிலின் இரு முனைகளிலும் மாட்டியிருக்கும். சோதிப்பதற்காக விரித்த பேப்பரில் எய்யும்போது வலக்கைக்காரருக்கு நாக் (அம்பின் வால் முனை) இடப்பக்கமாகக் கிழித்தால், யோக்கின் இடது காலுக்கு (பிரிவுக்கு) ஒரு முறுக்கு கூட்டி, வலது காலில் ஒன்று குறைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் சூட்சுமம். ஒன்றை மட்டும் முறுக்கினால் கேபிள் நீளம் மாறி டைமிங்கும் (இரு கேமும் ஒருசேரச் சுழல்வது) கலைந்துவிடும். தேவைப்பட்டால் அரை முறுக்கும் போடலாம். செலவு ஒன்றும் கிடையாது. கீழ் கேமுக்கு இந்த வசதி இல்லை. கீழே மட்டும் கேம் உள்ள சிங்கிள் கேம் வில்லிலும் இதே கதைதான், மேலே இருக்கும் ஐட்லர் சக்கரத்துக்கு மட்டுமே யோக். புது நாண் போட்டால் அது இழுபட்டு அடங்கும் வரை மறுபடி மறுபடி பார்க்க வேண்டியிருக்கும், அது ஒரு தொல்லை.

இப்போது கையில் இருப்பது பைனரி கேம் வில். 2005-இல் போடெக் நிறுவனம் கொண்டுவந்த வகை இது. ஒரு கேமின் கேபிள் எதிர் கேமிலேயே மாட்டுவதால் முறுக்க யோக் கிடையாது. வழக்கமான வழி ஒன்றுதான்: ஆக்ஸிலைக் கழற்றி, கேமின் இருபுறமும் உள்ள ஸ்பேசர்களை (இடைவெளி வளையங்களை) மாற்றிக் கேமையே இடம் வலமாக நகர்த்துவது. ஒவ்வொரு தடவையும் போ பிரஸ் (வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) வேண்டும், சரியான தடிமனில் ஸ்பேசர் கையில் இருக்க வேண்டும். மேத்யூஸ் நிறுவன வில்லில் இதற்கென்றே வெவ்வேறு அகலத்தில் டாப் ஹாட் என்ற ஸ்பேசர் கிடைக்கிறது. ஆனால் ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் அப்படியே நிற்கிறது. நாண் மாற்றிய பிறகும் இந்தப் பக்கம் போகவே தேவைப்படவில்லை. போடெக்கின் டெட்லாக் வசதி உள்ள வில்லில் பிரஸ் இல்லாமல் திருகைத் திருப்பியே கேமை நகர்த்தலாம். நண்பர் ஒருவரின் வில்லில் செய்து பார்த்தேன், பொறாமையாக இருந்தது.

எந்த வகையானாலும் கேமில் கை வைப்பதற்கு முன் அதே வில்லை வேறொருவரிடம் கொடுத்துப் பேப்பரில் எய்யச் சொல்லுங்கள். அவருக்குத் துளை சுத்தமாக வந்தால் சிக்கல் உங்கள் பிடியில் இருக்கிறது, யோக்கை எவ்வளவு முறுக்கியும் பயனில்லை. அப்புறம், நாண் கேமின் பள்ளத்தை விட்டு விளிம்பில் ஏறுவதுபோல் தெரிந்தால் டியூனிங் பேச்சே வேண்டாம். இழுக்காமல் வைத்துவிட்டு நேராகக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

வீட்டிலேயே பிரஸ் வைத்து நோண்டுகிறவர்களுக்கு யோக்தான் என் சிபாரிசு. கடையை நம்பியிருப்பவர்கள் பைனரி வாங்கி ஒரே தடவையில் சரிசெய்து வாங்கிக்கொள்ளலாம்.