பிரசவ அறையில் கவனிப்பு தலைகீழாகும்போது: உஷாராக இருங்கள்

வலி முற்ற முற்ற கவனிப்பும் கூட வேண்டும். மோசமான வார்டுகளில் நடப்பது நேர்மாறு. ஆரம்பத்தில் சும்மா விட வேண்டிய தாயை அவசரப்படுத்துகிறார்கள்; குழந்தை பிறந்தபின், பக்கத்தில் நிற்க வேண்டிய நேரத்தில், ஆளே இருப்பதில்லை.

கர்ப்பப்பை வாய் 2, 3 செ.மீ. திறந்திருக்கும்போதே படுக்க வைத்து டிரிப் ஏற்றுவதில் தொடங்குகிறது இது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல்படி பிரசவம் வேகமெடுக்கும் தீவிரக் கட்டம் 5 செ.மீ.யில்தான் ஆரம்பம். அதுவரை பல மணி நேரம் ஆகலாம், அது கோளாறு அல்ல. "மணிக்கு 1 செ.மீ. திறக்கவில்லை" என்பது மட்டுமே வலியைக் கூட்ட மருந்து போடக் காரணமாகாது. சிக்கல் இல்லாத தாய் நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், சாப்பிடலாம்.

வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் மருந்தை டிரிப்பில் போட்டால் காரணம் கேளுங்கள். வேகத்தைக் கவனிக்காமல் ஓடவிடுவதுதான் பெரிய ஆபத்து. கர்ப்பப்பை தளரும் இடைவெளியில்தான் குழந்தைக்கு ரத்தம் தாராளமாகப் போகும். இடைவெளி சுருங்கினால் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கலாம். கூட இருப்பவர் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக் கடிகாரம் பார்க்கட்டும்: 10 நிமிடத்தில் 5 முறைக்கு மேல் இறுகினால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். டிரிப்பை நீங்களே தொடாதீர்கள்.

5 செ.மீ. தாண்டியபின் குழந்தையின் துடிப்பை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குறைந்தது 1 நிமிடம். கருவியை வைத்ததும் எடுப்பது பரிசோதனை ஆகாது. உள் பரிசோதனை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். வருகிறவர் எல்லாம் கைவிட்டுப் பார்த்தால் தொற்றுதான் மிச்சம். மேல்வயிற்றை அமுக்கித் தள்ளுவது கூடாது. எல்லோருக்கும் வழக்கமாகப் பிறப்புறுப்பு வாயில் கத்தி வைப்பதும் கூடாது; வெட்டியே ஆக வேண்டுமானால் சம்மதம் கேட்டு, மரத்துப்போக ஊசி போட்டுத்தான் வெட்ட வேண்டும்.

பிறந்ததும் ரத்தப்போக்கைத் தடுக்கத் தாய்க்கு 10 யூனிட் ஆக்ஸிடோசின் போட்டார்களா என்று கேளுங்கள். அப்புறம்தான் பலர் கைவிடப்படுகிறார்கள். எல்லோரும் குழந்தையைச் சுற்றி நிற்க, தாய் தனியே கிடப்பாள். முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தொப்புள் பக்கம் தொட்டுப் பார்க்க வேண்டும். கர்ப்பப்பை பந்துபோல் கெட்டியாக இருந்தால் சரி; கொழகொழவென்று இருந்தால் ரத்தம் போகிறது என்று பயப்பட வேண்டும். பேடு சுத்தமாகத் தெரியலாம், ஆனால் ரத்தம் முதுகுக்கடியில் தேங்கியிருக்கலாம். அதனால் ஒருக்களித்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். போன ரத்தம் 500 மி.லி. தாண்டினால் அவசரநிலை. நிறைந்த சிறுநீர்ப்பை கர்ப்பப்பையை இறுக விடாது, 6 மணி நேரத்துக்குள் சிறுநீர் போயாக வேண்டும்.

கேஸ் ஷீட்டில் துடிப்பும் பிரஷரும் அந்தந்த நேரத்தில் எழுதப்பட வேண்டும். எல்லா வரியும் ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் நிரப்பியதுபோல் இருந்தால் கேள்வி கேளுங்கள். யார், எப்போது வந்து பார்த்தார் என்று நீங்களும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் அந்தத் தாள் கைகொடுக்கும்.