பைடான்டிக் 1-லேயே இருப்பதா, 2-க்கு மாறுவதா?

தீபாவளிக்கு முன் தனியாக வசிக்கும் முதியோர் வீடுகளுக்குப் பலகாரப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் சிங்கப்பூர்த் தொண்டூழியர் குழுவின் வழக்கம். முகவரிகள் ஓர் எக்செல் கோப்பில் இருக்கின்றன. அதைப் படித்து, சரிபார்த்து, வட்டாரவாரியாக முகவரிச் சீட்டு தயாரிக்க, டெர்மினலில் ஓடும் பைதான் நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். சரிபார்க்கும் வேலை முழுக்க பைடான்டிக் என்ற லைப்ரரியுடையது; வரும் தரவு நாம் சொன்ன வகையில் இருக்கிறதா என்று அது பார்க்கும். நான் எழுதியது முதல் வெர்ஷனுக்கு. 2023 ஜூனில் இரண்டாவது வெர்ஷன் வந்தும் நிரலைத் தொடாமல் வைத்திருந்தேன். இந்த முறை உட்கார்ந்து நான்கு வழிகளையும் முயன்று பார்த்துவிட்டேன்.

எளிதானது, பழையதிலேயே இருப்பது. எந்த லைப்ரரி எந்த வெர்ஷனில் வேண்டும் என்று சொல்லும் தேவைக் கோப்பில் '2-க்குக் கீழே' என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் பைதான் 3.14-லிருந்து முதல் வெர்ஷன் ஒத்துப்போகாது. 3.13-க்கு 2029 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்பதால் அவசரம் இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு தொண்டூழியரின் புது மடிக்கணினியிலும் பழைய பைதானைத் தேடிப் போட வேண்டியிருக்கும்.

அடுத்தது பாலம். இரண்டாவது வெர்ஷனுக்குள்ளேயே பழையது 'வி1' என்ற பெயரில் அப்படியே இருக்கிறது. லைப்ரரியை அழைக்கும் இம்போர்ட் வரிகளை மட்டும் மாற்றினால் நிரல் ஓடும். நூறு கோப்புகள் உள்ள அலுவலக நிரலுக்கு இதைத்தான் சொல்வேன். கோப்பு கோப்பாக மெல்ல நகரலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: உறுப்பினர் மாடல் (ஒருவரின் பதிவில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற வரையறை) புதியது, அதற்குள் இருக்கும் முகவரி மாடல் பழையது என்று கலக்க முடியாது. மேலும் 3.14 சிக்கல் இந்த வழிக்கும் உண்டு. என்னுடையது மூன்றே கோப்பு. பாலம் கட்டும் நேரத்தில் ஆற்றையே கடந்துவிடலாம்.

பைடான்டிக்கையே விட்டுவிட்டு, பைதானோடு வரும் டேட்டாகிளாஸுக்குப் போவது மூன்றாவது வழி. அது எண்ணா எழுத்தா என்ற வகையை எழுதி வைத்துக்கொள்ளுமே தவிர, ஓடும்போது சோதிக்காது. எல்லாவற்றையும் கையால் எழுதிப் பார்த்தேன். சீட்டு அச்சிடும் பகுதியைவிடச் சரிபார்க்கும் பகுதி நீண்டுவிட்டது, கைவிட்டேன்.

முழுதாக மாறுவதுதான் நான் தேர்ந்தெடுத்தது. வேகத்துக்காக இல்லை. இரண்டாவது வெர்ஷனின் உட்பகுதி ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது, வேகமானதுதான். ஆனால் சில நூறு வரிப் பட்டியலில் அது கண்ணுக்கே தெரியாது.

மாற்றத்துக்கு 'பம்ப் பைடான்டிக்' என்ற கருவி கைகொடுத்தது. தரைவீடுகளுக்கு மாடி எண் கிடையாது என்பதால் அந்தப் புலத்தை 'ஆப்ஷனல்' என்று எழுதியிருந்தேன். பழைய வெர்ஷன் அதையே 'தராவிட்டாலும் பரவாயில்லை' என்று எடுத்துக்கொள்ளும். புதியதில் தொடக்க மதிப்பை நாமே எழுதாவிட்டால் அது கட்டாயப் புலம். கருவி அந்தத் தொடக்க மதிப்பைத் தானே சேர்த்துவிட்டது. மாடலிலிருந்து தரவை வெளியே எடுக்க 'டிக்ட்' என்று அழைத்த இடங்களை 'மாடல் டம்ப்' என்று நான் மாற்றினேன்.

அப்புறம் ஓட்டிப் பார்த்தால், ஏறக்குறைய எல்லா வரியிலும் பிழை! அஞ்சல் குறியீட்டில் எழுத்துச்சரம் வேண்டும், வந்திருப்பது எண் என்றது. எக்செல் கட்டத்தில் குறியீட்டை வெறுமனே தட்டினால் அது எண்ணாகிவிடும். பழைய வெர்ஷன் அந்த எண்ணைச் சத்தமில்லாமல் எழுத்தாக மாற்றி உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். சிங்கப்பூரில் 1995 முதல் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். நகர மையத்தில் அது பூஜ்யத்தில் தொடங்கும். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு 058793. எக்செல் அதன் பூஜ்யத்தை விழுங்கி 58793 ஆக்கும். எங்கள் சீட்டிலும் அப்படித்தான் இத்தனை நாள் அச்சாகியிருக்கிறது. கொண்டுபோகிறவருக்கு இடம் பழக்கம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

எண்ணை எழுத்தாக மாற்றிக்கொள்ளும் பழைய குணத்தை ஒரே ஒரு செட்டிங்கை மாற்றித் திரும்பக் கொண்டுவரலாம். நான் செய்யவில்லை. அதற்குப் பதில், எண் வந்தால் எழுத்தாக்கு, சரியாக ஆறு இலக்கம் இல்லையென்றால் வரி எண்ணோடு நிறுத்து என்று ஒரு சோதனை எழுதினேன். முதல் வெர்ஷனிலும் இதை எழுதியிருக்க முடியும்தான். ஆனால் அது ஒருமுறைகூடக் குறை சொல்லாததால் அங்கே பார்க்கவே தோன்றவில்லை.

முன்னால் பூஜ்யம் சேர்த்துவிட்டால் போதாதா என்றார் நண்பர். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலின் குறியீடு 218042. யாராவது கடைசி இலக்கத்தை விட்டு 21804 என்று தட்டியிருந்தால், பூஜ்யம் சேர்த்ததும் 021804 ஆகும். அந்தச் சாலை இருக்கும் தேக்கா வட்டாரத்துக்குப் போக வேண்டியது நகர மையச் சீட்டுகளோடு சேர்ந்துவிடும். ஐந்து இலக்கத்தைப் பார்த்து எது விடுபட்டது என்று நிரலால் சொல்ல முடியாது.

கடைசியில் ஒன்பது வரிகள் மிஞ்சின. பட்டியலைப் பராமரிக்கும் அக்காவிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டார். ஏழில் பூஜ்யம் போயிருந்தது, இரண்டில் கடைசி இலக்கம். அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றி, ஒன்பதையும் அவரே புதிதாகத் தட்டினார்.