காலைக்கு எது தாங்கும்: கீரைச் சாறா, ஸ்மூத்தியா, இலைக்கஞ்சியா?

காலை 8 மணிக்கு ஒரு டம்ளர் குடித்தால் மதியச் சாப்பாடு வரை உடம்பு தளரக் கூடாது. பச்சை பானங்களிடம் பலரும் எதிர்பார்ப்பது இதைத்தான். ஆனால் கீரை மட்டும் அந்தத் தெம்பைத் தராது. 100 கிராம் பாலக்கில் இருப்பது 23 கலோரிதான். வைட்டமின், தாது, நார் எல்லாம் கீரையிடம் கிடைக்கும். வேலை பார்க்கும் சக்தி கூடச் சேர்ப்பவற்றிலிருந்துதான் வர வேண்டும். மூன்றையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

வடிகட்டிய சாறு இதில் முதலிலேயே தோற்றுவிடுகிறது. நார் சல்லடையிலேயே நின்றுவிடும். கசப்பு தெரியாமலிருக்க ஆப்பிளோ தேனோ சேர்ப்பார்கள். அந்தச் சர்க்கரை சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும், 10 மணிக்கே வயிறு கேட்கும். காலை உணவுக்குப் பதிலாக இதைக் குடிப்பது சரியில்லை.

ஸ்மூத்தியில் எதையும் வடிகட்டுவதில்லை என்பதே பெரிய லாபம். 50 கிராம் பாலக், ஒரு வாழைப்பழம், 100 மில்லி தயிர், இரவே ஊறவைத்த நிலக்கடலை 20 கிராம். இவ்வளவில் சுமார் 270 கலோரியும் 10 கிராம் புரதமும் வந்துவிடும். கடலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். புரதத்தில் பாதி அதிலிருந்துதான் வருகிறது, கீரையின் கரோட்டினை உடம்பு எடுத்துக்கொள்ளவும் அதன் கொழுப்பு உதவும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மிக்சியை ஓட்டினால் காம்பு நூல் நூலாகத் தொண்டையில் மாட்டும். முதலில் கீரையையும் கடலையையும் கால் டம்ளர் தண்ணீரில் மைய அரைத்து, அப்புறம் பழம், தயிர் சேர்த்து ஒரு சுற்று விட்டால் போதும்.

எந்தக் கீரை? பாலக்குக்கு வாசனை குறைவு, இலையும் மென்மை. ஆனால் அதில் ஆக்சலேட் அதிகம், சிலருக்குச் சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் பொருள் அது. கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு அரைத்தால் ஓரளவு குறையும். கழுவியும் போகாத கிருமிகளும் பெரும்பாலும் அழியும். மழைக்காலத்தில் நான் பச்சையாக அரைக்கவே மாட்டேன். முருங்கைக்கீரையைப் பச்சையாக மிக்சியில் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. கசப்பும் நெடியும் பழத்தையே அமுக்கிவிடும். அது அடைக்கும் பொரியலுக்கும் உரியது.

இலைக்கஞ்சி யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்றும் உண்டு. தென்னிலங்கையில் இதே வகைக் கஞ்சியைக் கொலகெந்த என்பார்கள். அதிகாலையில் தெருவோரத்திலேயே சூடாக விற்பார்கள். அரிசியையும் வறுத்த பயறையும் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டு, வல்லாரை, முடக்கொத்தான், முசுட்டை போன்ற இலைகளின் சாற்றைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்குவார்கள். அதற்கு மேல் கொதிக்கவிட்டால் பச்சை நிறம் மங்கிவிடும். உப்பும் எலுமிச்சம் புளியும் போதும், சர்க்கரையே தேவையில்லை.

இங்கும் இலையை வடிகட்டத்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அரிசியும் பயறும் முழுசாக உள்ளே இருக்கின்றன, தேங்காய்ப்பாலின் கொழுப்பும் சேர்கிறது. சிவப்பரிசி போட்டால் நாரும் கூடும். வயிறு தாங்குவதில் மூன்றில் இதற்குத்தான் என் முதல் இடம். அரை மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் குறை.

அதனால் அலுவலக நாளில் ஸ்மூத்தி, வயல் வேலையோ நெடும் பயணமோ இருக்கும் நாளில் கஞ்சி என்பதே என் தேர்வு. எதைக் குடித்தாலும் கூடவே டீ வேண்டாம், கீரையின் இரும்புச் சத்து சேர்வதை அது தடுக்கும்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினமும் பாலக் குடிக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் அப்படியே. கீரையின் வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். ஒரு நாள் நிறைய, மறுநாள் ஒன்றுமில்லை என்று மாறுவதுதான் அவர்களுக்கு ஆபத்து.