இலை வண்ண அட்டை முதல் நீர்க்குழாய் வரை: டெல்டா நெல் வயலில் தங்கியவையும் தங்காதவையும்

காவிரி டெல்டாவில் நெல் போடுபவருக்குத் தகவல் பஞ்சம் என்று எதுவும் கிடையாது. 1960-களில் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லியே ஏடிடி 27 ரகம் ஊர் ஊராகப் பரவியது. இன்றைக்கு உழவன் செயலி, கிசான் அழைப்பு மையம், மண்வள அட்டை, வாட்ஸ்அப் குழு, வேளாண் அறிவியல் நிலையம் எனப் பல வழிகள். எல்லாவற்றுக்கும் முன்னால் தெருமுனை உரக்கடை. ஆனால் காதுக்கு வந்ததெல்லாம் வயலுக்கு வந்துவிடுவதில்லை. பல குறுவையும் சம்பாவும் பயன்படுத்திப் பார்த்த பிறகு எங்கள் கணிப்பு இதுதான். சொன்னது சரியா என்று விவசாயி தன் வயலிலேயே சரிபார்த்துக்கொள்ள ஒரு கருவியோ அளவோ கூடவே வரவேண்டும். நடவாட்களின் கூலிக் கணக்கும், தண்ணீர் வரும் முறையும் அதற்கு இடம் கொடுக்கவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த உத்தி ஒரு பருவத்தோடு சரி.

இலை வண்ண அட்டை

எங்கள் பட்டியலில் முதலிடம் இதற்கு. இளம்பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரை, 1 முதல் 6 வரை எண்ணிட்ட பிளாஸ்டிக் பட்டைகள், அவ்வளவுதான் கருவி. யூரியா இப்போது போடலாமா, பொறுக்கலாமா என்ற ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும். நான்கு பட்டை அட்டையும் புழக்கத்தில் உண்டு. கீழே வரும் எண்கள் ஆறு பட்டை அட்டைக்கு உரியவை.

நட்ட 14-ஆம் நாளில் தொடங்கி, கதிர் வெளிவரும் வரை வாரம் ஒருமுறை பார்க்கவேண்டும். காலை 8 முதல் 10 மணிக்குள், பனி ஈரம் இருந்தால் துடைத்துவிட்டு, நோய் பூச்சி தாக்காத பத்துக் குத்துகளில் (குத்து என்பது ஓரிடத்தில் ஊன்றிய நாற்றுக் கொத்து) உச்சியில் முழுதாக விரிந்த இலையை எடுத்துக்கொள்ளுங்கள். இலையைக் கிள்ளக் கூடாது. செடியோடு இருக்கும்போதே அதன் நடுப்பகுதியைப் பட்டையின் மேல் வைத்துப் பார்க்கவேண்டும். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, உங்கள் நிழல் அட்டை மேல் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நேர்வெயிலில் எல்லா இலையும் வெளிறித்தான் தெரியும். நிறம் இரண்டு பட்டைகளுக்கு நடுவில் விழுந்தால் 3.5 என்பதுபோல் பாதியாகக் குறிக்கலாம்.

வெள்ளைப் பொன்னி போன்ற, தழைச்சத்தை (நைட்ரஜனை) அதிகம் தாங்காத ரகத்துக்கு எல்லை 3. மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் 4. பத்தில் ஆறு இலைகள் எல்லைக்குக் கீழே இருந்தால் உரம் போடவேண்டும். பரிந்துரை ஹெக்டேருக்குக் குறுவையில் 35 கிலோ, சம்பா, தாளடியில் 30 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு யூரியாவாகக் கணக்குப் போட்டால் குறுவைக்கு 31 கிலோ, சம்பாவுக்கு 26 கிலோ வரும்.

பெரும்பாலான தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. யூரியா மூட்டை 45 கிலோ. ஏக்கருக்கு ஒரு மூட்டை என்பது கைப்பழக்கம். அட்டையை ஒழுங்காகப் பார்த்துவிட்டு முழு மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் அட்டை பார்த்ததற்குப் பொருளே இல்லை. சம்பாவில் ஒரு மூட்டை ஐந்து மாவுக்கு (மா என்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்), அதாவது சுமார் 1.7 ஏக்கருக்குக் காணும். தராசில் எடை போட்டு, மாவுக்கு 9 கிலோவுக்கு மேல் போகாமல் பிரித்து வரப்பில் வைத்துவிட்டால் வீசுபவர் கை தானாக அடங்கும்.

வரப்போரச் செடியை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. ஓரச் செடிகள் எப்போதும் ஒரு பிடி பச்சை கூடுதலாகவே நிற்கும். வயலுக்குள் இறங்கிக் குறுக்காக நடந்து பார்க்கவேண்டும். வாராவாரம் பார்ப்பவரும் ஒரே ஆளாக இருப்பது நல்லது. அட்டையைப் படம் எடுத்துக் கைபேசித் திரையில் வைத்து ஒப்பிடுவது உதவாது, திரைக்குத் திரை நிறம் மாறும். அட்டையும் வெயிலில் கிடந்தால் வெளுக்கும். உறையில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள்.

இலை வெளிறியதெல்லாம் தழைச்சத்துக் குறை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. நட்ட இரண்டு மூன்று வாரத்தில் கீழ் இலைகளில் துருப் பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளியும், இளம் இலையின் நடுநரம்பில் வெளிறலும் தெரிந்தால் அது துத்தநாகக் குறை. யூரியாவைக் கூட்டினால் தீராது. நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவியிருக்கவேண்டும். விட்டுப்போயிருந்தால் 0.5 சதம் துத்தநாக சல்பேட்டுடன் 1 சதம் யூரியா கலந்து தெளிக்கலாம். புது இலை முதலில் மஞ்சளானால் கந்தகத்தைச் சந்தேகியுங்கள். மணிச்சத்து, சாம்பல்சத்து பற்றி இந்த அட்டை எதுவும் சொல்லாது. அவை மண் பரிசோதனைப்படிதான்.

பழகுவதில் கடினமான கட்டம் நட்ட முதல் மாதம். அட்டை 4-க்கு மேல் காட்டி "பொறு" என்று சொல்லும். பக்கத்து வயல் கரும்பச்சையாக நிற்கும். வீட்டில் உள்ளவர்களே கேட்பார்கள். அந்தப் பக்கத்து வயலைத்தான் பின்னால் கவனிக்கவேண்டும். இலைச்சுருட்டுப் புழுவும் புகையான் என்ற தத்துப்பூச்சியும் அங்குதான் முதலில் இறங்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் சாய்வதும் அதுதான். இதை ஒருமுறை நேரில் பார்த்தவர் பிறகு அட்டையைக் கைவிடுவதில்லை.

ஒற்றை நாற்றும் கோனோவீடரும்

திருந்திய நெல் சாகுபடியைப் போல் ஊக்கமாகப் பரப்பப்பட்ட முறை குறைவு. மடகாஸ்கரில் 1980-களில் உருவான இதை, தமிழகத்தில் 'ராஜராஜன் 1000' என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். ஏக்கருக்கு 3 கிலோ விதை, ஒரு சென்ட் நாற்றங்கால், 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 சென்டிமீட்டர் சதுரம், பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் என்ற கையால் தள்ளும் உருளைக் களைக்கருவி. முறை நல்ல முறை. முழுதாகச் செய்த வயலில் தூர் கட்டுவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனாலும் முழு வடிவத்தில் நிலைத்த இடங்கள் குறைவு, அதற்குக் காரணம் விவசாயியின் அறியாமை அல்ல.

நடவு ஏக்கர் கணக்கில் கூலி பேசி நடப்பது. மார்க்கர் (சேற்றில் கோடு கிழிக்கும் கருவி) போட்ட கட்டத்தில் ஒற்றை நாற்றாக ஊன்றினால் வேலை மெதுவாகும், கூலி அதேதான். ஆட்கள் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. கூடுதல் கூலியை முன்னாலேயே பேசாமல் முறையை மட்டும் பேசினால் இரண்டாம் நாளே குத்துக்கு மூன்று நாற்று போய்விடும். சேறு படியும் முன்பு மார்க்கர் ஓட்டினால் கோடு அழியும், அதிகம் இறுகினால் பதியாது. அந்தப் பதம் கூடிவரும் நாளில் ஆட்கள் கிடைக்கவேண்டும்.

கோனோவீடர் விஷயம் தண்ணீரைப் பொறுத்தது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீர் நின்றால் உருளும். காய்ந்த களிமண்ணில் முன்னும் போகாது பின்னும் வராது. சதுர நடவு இல்லாவிட்டால் குறுக்கே ஓட்ட முடியாது, பாதிக் களை நின்றுவிடும். கடைமடைத் தாழ்வுநிலத்தில் சம்பா நடவும் வடகிழக்கு மழையும் ஒன்றாக வந்தால் 14 நாள் நாற்று மூழ்கிப்போகும். அங்கே இதைப் பரிந்துரைப்பதே தவறு என்பது எங்கள் கருத்து. இயந்திர நடவு வந்த பிறகு பாய் நாற்றங்காலும் இளம் நாற்றும் வரிசை நடவும் அதன் வழியாகத் தங்கிவிட்டன. அதுவும் ஒரு வெற்றிதான்.

நீர்க்குழாய்

30 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் விட்டம் கொண்ட பிவிசி குழாய்த் துண்டு. கீழ்ப்பாதியில் சுற்றிலும் 5 மில்லிமீட்டர் துளைகள், இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில். 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிடவேண்டும். அள்ள மறந்தால் குழாய் எதையும் காட்டாது. மேடும் பள்ளமும் இல்லாத இடத்தில், வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் வையுங்கள். நட்டு இரண்டு வாரம் கழித்து, களை அதிகமானால் இன்னும் ஒரு வாரம் பொறுத்து, காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சும் முறையைத் தொடங்கலாம். குழாய்க்குள் நீர் மண் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டுங்கள். பூப்பதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் காயவிடவே கூடாது, பதர் விழும்.

கருவி மலிவு, பார்ப்பதும் எளிது. ஆனால் சொந்த ஆழ்துளைக் கிணறு (போர்) உள்ளவருக்கே இது முழுதாகப் பயன்படும். வாய்க்கால் முறைப்பாசனத்தில் தண்ணீர் வரும் நாளில்தான் கட்டமுடியும், அடுத்த முறை தள்ளிப்போகலாம் என்று பயந்து நிரப்பி வைப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. போர் உள்ளவருக்கும் இலவச மின்சாரம் என்பதால் மிச்சம் கையில் காசாகத் தெரிவதில்லை. போரில் நீர்மட்டம் இறங்கும் ஊர்களிலும் டீசல் இன்ஜின் ஓட்டுபவர்களிடமும் இது வேகமாகப் பிடித்துக்கொள்கிறது.

கேட்கும் இடங்கள்

கிசான் அழைப்பு மையம் 1800-180-1551, காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. "பயிர் மஞ்சளாக இருக்கிறது" என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். ரகம், நட்டு எத்தனை நாள், மேல் இலையா கீழ் இலையா, ஏற்கெனவே போட்ட உரமும் மருந்தும் என்ன என்று எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். பூச்சி என்றால் எண்ணிச் சொல்லுங்கள். குருத்துப்பூச்சிக்கு 10 சதம் குருத்து காய்ந்திருக்கிறதா, புகையான் தூருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் மருந்தே தேவையா என்று முடிவாகும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். மருந்துக்கு வேதிப் பெயரையும் ஏக்கருக்கான அளவையும் கேட்டு வாங்குங்கள். டேங்க்குக்கு இத்தனை மில்லி என்ற கணக்கு, கைத்தெளிப்பானிலிருந்து பவர் ஸ்பிரேயருக்கு மாறும்போது ஏமாற்றும். தண்ணீர் குறையும், ஏக்கருக்கான மருந்து குறையாது.

உரக்கடைக்காரர் கடனுக்குத் தருவார், இரவிலும் கதவைத் திறப்பார். அந்த உதவி பெரிது, அவரை ஒதுக்க வழியில்லை. ஆனால் புகையான் வயலுக்குச் செயற்கைப் பைரெத்ராய்டு கொடுத்தால் வாங்காதீர்கள், இரை தின்னும் பூச்சிகள் செத்துப் புகையான் இன்னும் பெருகும்.

2015-இல் வந்த மண்வள அட்டையில் 12 அளவுகள் இருக்கும். பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேர் கட்டத்துக்கு ஒரு மாதிரி என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. ஆகவே அட்டையில் இருப்பது பக்கத்துக்காரர் வயல் மண்ணாகவும் இருக்கலாம். நீங்களே எடுத்துக் கொடுப்பது நல்லது. வரப்பு, எருக்குழி, மரநிழல் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, கலந்து, கால்பங்கு முறையில் (நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி) அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்துங்கள். 2018-இல் வந்த உழவன் செயலி உர இருப்பு, மானியப் பதிவு, இயந்திர வாடகை ஆகியவற்றுக்கு நன்று. பயிர் நோய்க்கு ஆளை வயலுக்கு அழைப்பதே மேல்.

புது உத்தி எதையும் முதலில் ஒரு மாவில் வைத்துப் பாருங்கள். பக்கத்திலேயே பழைய முறையில் ஒரு மா இருக்கட்டும், ஒரே ரகம், ஒரே நாள் நடவு. இடையில் வரப்பை உயர்த்தி, மடையைத் தனித்தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் யூரியா மற்றதில் கரையும். அறுவடை இயந்திரம் சோதனை மாவில் இறங்கும் முன்பு அதன் தொட்டியைக் காலி செய்யச் சொல்லவேண்டும். முந்தைய வயல் நெல் உள்ளே கிடந்தால் எடை பொய்யாகும். இரண்டு குவியலுக்கும் ஈரப்பத மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே எடையை ஒப்பிடுங்கள்.