உடைந்த சிப்பையும் கேட்டு வாங்குங்கள்: கார் சாவியை மெலிதாக்கப் போய் நான் பட்டது

“உங்க காருக்கு மூணு சாவி பதிவாகியிருக்கு சார். ரெண்டுதான் கொண்டு வந்திருக்கீங்க. மூணாவது எங்கே?”

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைப் பார்த்தபடி மெக்கானிக் இப்படிக் கேட்டபோது எனக்குக் கேள்வியே புரியவில்லை. கார் வாங்கிய நாளிலிருந்து என்னிடம் இருப்பது இரண்டே சாவிகள். கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்தபோது வயிற்றைக் கலக்கியது. தடிமனான ரிமோட் சாவியை மெலிதாக மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் சாவியில் ரிமோட்டும் சாவியும் ஒரே கேஸில் இருக்கும். தீப்பெட்டியைவிடப் பருமன். பாக்கெட்டில் போட்டு உட்கார்ந்தால் தொடையில் குத்தும். ஓட்டும்போது இக்னிஷனிலிருந்து தொங்கி முழங்காலில் இடிக்கும். அதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கவும் முடியாது. 2014 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ், 2010 முதல் 2014 வரையிலான மாடல் கமாரோ கார்களை, 5 லட்சத்துக்கும் மேல், திரும்ப அழைத்தது. காரணம், ஓட்டுபவரின் முழங்கால் சாவியில் இடித்தால் இக்னிஷன் நிலை மாறி, ஓடும்போதே என்ஜின் அணைந்துவிடக்கூடும். அவர்கள் கொடுத்த தீர்வு, ரிமோட்டுக்குள் மடங்கும் சாவியை எடுத்துவிட்டுச் சாதாரணச் சாவியைக் கொடுப்பது. ஆக, சாவியையும் ரிமோட்டையும் பிரித்து வைக்க வேண்டும் என்ற என் ஆசையில் தவறு இல்லை. அதைச் செய்யக் கொடுத்த இடத்தில்தான் எல்லாம் போனது.

சாவி போடும் கடைக்காரர் சாவியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “தனித்தனியா எதுக்கு சார்? மடக்குச் சாவியா பண்ணித் தர்றேன், பாதி சைஸுக்கு வந்துடும். கார் இங்கேயே நிக்கட்டும், ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க” என்றார். சாவியையும் காரையும் விட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

திரும்பிப் போனபோது முகத்தைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்: “உங்க கேஸ் ஒட்டின கேஸ் சார். பிளக்கும்போது சிப் உடைஞ்சிடுச்சு. கண்ணாடிச் சிப், தொட்டாலே போயிடும். வேற சிப் போட்டு, மெஷின் வச்சு கார்ல ஏத்திட்டேன்.” சிப்புக்கும் பதிவு செய்ததற்கும் தனியாகக் காசு கேட்டார். பேசியதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. கார் ஸ்டார்ட் ஆனது, ரிமோட்டில் கதவு திறந்தது. கொடுத்துவிட்டு வந்தேன். உடைந்த சிப்பைக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட சாவிக்குள் உண்மையில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டேன். ஒன்று, பூட்டில் நுழையும் உலோகப் பிளேடு. இரண்டாவது, கதவைத் திறக்கும் ரிமோட் போர்டு. பட்டன் பேட்டரி இதற்குத்தான். மூன்றாவது, என்ஜினை ஸ்டார்ட் ஆக விடும் சிப். சில சாவிகளில் அது போர்டிலேயே இருக்கும். சிலவற்றில் கேஸின் ஓரத்தில் தனியாக, அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழாயாகவோ கறுப்பு ஆப்பு போன்ற கட்டியாகவோ செருகப்பட்டிருக்கும். இந்தச் சிப்புக்குப் பேட்டரி தேவையே இல்லை. இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பும்போது அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலையை வெளியிடுகிறது. அந்த அலையிலிருந்தே சிப் சக்தியை எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்கிறது. கார் தன் பட்டியலில் அந்த அடையாளம் இருந்தால் ஓட விடும், இல்லாவிட்டால் என்ஜின் உறுமிவிட்டு ஓரிரு நொடியில் அணைந்துவிடும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது.

நான்காவது நாள் எனக்கு அதுதான் நடந்தது. ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்தது. டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு வேகமாகக் கண்சிமிட்டியது. கடைக்காரருக்குப் போன் செய்தேன். “ரிமோட் பேட்டரி வீக்கா இருக்கும் சார், மாத்திடுங்க” என்றார். மாற்றினேன். கேஸைத் திறந்து மூடியதில் சிப் தற்செயலாக இடத்துக்கு வந்திருக்க வேண்டும், வண்டி ஓடியது. அவர் சொன்னது சரி என்றே நம்பினேன். நுழைத்துத் திருப்பும் சாவிக்கு, ஸ்டார்ட் ஆகாததற்கு ரிமோட் பேட்டரிதான் காரணம் என்று யாராவது சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். அவருக்கு வேலை தெரியவில்லை, அல்லது உண்மையைச் சொல்லவில்லை.

மடக்குச் சாவியின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளேடைப் பிடித்துக்கொண்டிருப்பது குறுக்கே அடித்த ஒரு சின்ன ஊசிதான். பத்தே நாளில் அது தளர்ந்து பிளேடு ஆட ஆரம்பித்தது. இக்னிஷனில் திருப்பும்போது பாதியில் மடங்கப் பார்த்தது. பிளேடும் புதிது, ஏனென்றால் இந்த மடக்குக் கேஸில் பழைய பிளேடு உட்காராது. புதியதை என் தேய்ந்த சாவியைப் பார்த்தே வெட்டியிருக்கிறார், தேய்மானமும் அப்படியே வந்துவிட்டது. கார் வாங்கும்போது சாவியோடு சின்னத் தகடு ஒன்றில் எண் கொடுப்பார்கள். அந்த எண்ணை வைத்து வெட்டினால்தான் பிளேடு புதுச் சாவியின் அளவுக்கு இருக்கும். என் தகடு வீட்டு அலமாரியில் சும்மா கிடந்தது. அவரும் கேட்கவில்லை, நானும் கொண்டுபோகவில்லை.

இந்த ஆட்டத்தைத் தாங்க முடியாமல்தான் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மெக்கானிக் மடக்குச் சாவியைத் திறந்தார். சிப்பை ஒரு துண்டுக் காகிதத்தில் சுற்றி மூலையில் செருகியிருந்தார்கள். அப்புறம் நான் வீட்டில் தொடாமல் வைத்திருந்த இன்னொரு சாவியைத் திறந்தார். காரோடு வந்த ஜோடி அது, கேஸ் வெட்டாமலே அழகாகத் திறந்தது. ஓரத்தில் கறுப்பாக, கெட்டியாக ஒரு கட்டி. “கண்ணாடியா? உங்க மாடலுக்குக் கண்ணாடிச் சிப்பே கிடையாது சார்” என்றார்.

அப்படியானால் என் பழைய சிப் எங்கே? பழைய பிளேடு எங்கே? இரண்டும் கடையில். சிப் உடைந்ததாகவே வைத்துக்கொண்டாலும் காரின் பட்டியலில் அது இன்னும் செல்லுபடியாகும் சாவி. உடையாமல் இருந்தால், அதை ஒரு மலிவுக் கேஸில் போட்டுப் பழைய பிளேடோடு சேர்த்தால் என் காரை யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம். அவர் அந்த எண்ணத்தில் எடுத்து வைத்தார் என்று நான் சொல்லவில்லை, என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் என் சாவியில் இல்லவே இல்லாத கண்ணாடி உடைந்தது என்று சொல்லிக் காசு வாங்கினார். இது பொய்.

மெக்கானிக் காரின் நினைவிலிருந்து எல்லாச் சாவிகளையும் அழித்துவிட்டு, கையில் இருந்த இரண்டை மட்டும் மறுபடி பதிவு செய்தார். இதற்கு இருக்கிற எல்லாச் சாவிகளையும் கொண்டுபோக வேண்டும், கொண்டுபோகாத சாவி செல்லாமல் போய்விடும். யாரிடம் சாவி வேலைக்குக் கொடுத்திருந்தாலும், எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று சர்வீஸில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல கார்களில் ஸ்கேனரே எண்ணிக்கையைக் காட்டும்.

நான் தேடிய மெலிதான சாவியும் அங்கேயே கிடைத்தது என்பதுதான் மனசு ஆறாத விஷயம். ரிமோட் இல்லாமல், சிப் மட்டும் உள்ள சாதாரணத் தலைச் சாவி பல மாடல்களுக்கு உதிரிபாகமாகவே கிடைக்கிறது. அதை எண்படி வெட்டிப் பதிவு செய்துகொண்டால் போதும். ரிமோட் சாவியைப் பிளக்க வேண்டிய தேவையே இல்லை.

சிப் செல்லாமல் போனாலும் பழைய பிளேடு கதவைத் திறக்கும். அதனால் நேராகக் கடைக்குப் போய், “என் பழைய பிளேடையும் சிப்பையும் கொடுங்க” என்றேன். சிப்பைக் குப்பையில் போட்டாயிற்றாம். பிளேடுக்காக மேசைக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே தலையில்லாத பிளேடுகளும் பிளந்த கேஸ்களும் நிறைந்து கிடந்தன. எத்தனை பேருடைய கார்களோ. துழாவி ஒன்றை எடுத்து, “இதுதான் சார்” என்று கொடுத்தார். வெளியே வந்து என் கார்க் கதவில் போட்டுப் பார்த்தேன். பாதிவரைதான் நுழைந்தது. மறுபடி உள்ளே போனேன். “அப்போ எதுன்னு தெரியல சார்” என்றார்.

கதவுப் பூட்டை மாற்றச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை காருக்குள் ஒரு பொருளையும் விட்டுவைப்பதில்லை.