ஸ்டீரியோவா, காம்பவுண்டா: முதலில் எந்த மைக்ராஸ்கோப் வாங்கலாம்?

உருப்பெருக்கம்: ஸ்டீரியோ (பொருளை முழுசாக வைத்துப் பார்க்கும் வகை) பெரும்பாலும் 10 முதல் 40 மடங்கு. காம்பவுண்டு (மெல்லிய பொருளுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் வகை) 40 முதல் 1000 வரை. 1000-க்கு லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே இதற்கான எண்ணெய் ஒரு சொட்டு வேண்டும்.

வசதி: ஸ்டீரியோவில் எறும்பையோ பூவையோ அப்படியே வைத்துப் பார்க்கலாம். காம்பவுண்டில் பார்க்கும் பொருளை ஒளி ஊடுருவ வேண்டும். ஸ்லைடு (பொருளை வைக்கும் கண்ணாடித் துண்டு), கவர் ஸ்லிப் (அதை மூடும் மெல்லிய கண்ணாடி), பொருளின் மெல்லிய சீவல் எல்லாம் தேவை. ஆனால் குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். செருப்பு வடிவப் பாரமீசியம் என்ற ஒரு செல் உயிரி சுழன்றபடியே நீந்திப் போகும், கண்ணை எடுக்க மனசு வராது!

பராமரிப்பு: இரண்டுக்கும் ஈரம்தான் எதிரி, லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பையோடு மூடி வையுங்கள்.

பூச்சி, நாணயம் பார்க்க, அல்லது சின்னப் பிள்ளைகள் பயன்படுத்த என்றால் ஸ்டீரியோ. செல்கள், நீர்த்துளி உயிர்கள் என்றால் காம்பவுண்டு. ஒன்றுதான் வாங்க முடியுமா? சரி, காம்பவுண்டையே வாங்குங்கள். வெங்காயச் சவ்விலிருந்து தொடங்கலாம்.